வைக்கோலில் ஓடும் வண்டி

பெரும்போக அறுவடை முடிந்ததும் சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் வைக்கோலை எரிக்கும் புகையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2022இல் டீசல் இல்லாமல் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்காகக் காத்து நின்றதையும் மறக்கவில்லை. எரிபொருளுக்குத் தவித்த நாமே, எரிபொருளாகக் கூடியதை வயலில் வைத்துக் கொளுத்துகிறோம்.

ஜேர்மனியின் ஹனோவர் நகரில் 1947இல் தொடங்கிய கைத்தொழிற் கண்காட்சியில், கம்பனிகள் மட்டுமன்றிப் பல்கலைக்கழகங்களும் தமது கண்டுபிடிப்புகளை வைக்கின்றன. சக்தி, போக்குவரத்துத் துறைகளில் தன் ஆய்வுகளை அங்கு காட்டிவந்த நிறுவனங்களுள் ஒன்று கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனம். 1886இல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ் படித்த கல்லூரியிலிருந்து வளர்ந்தது அது.

வைக்கோலிலிருந்து பெற்றோல் எடுப்பது அந்நிறுவனத்தின் ஆய்வுகளுள் ஒன்று. காற்றுப் படாமல் சுமார் 500 பாகை வெப்பத்தில் வைக்கோலைச் சூடாக்கினால் எண்ணெயும் கரியும் கிடைக்கும். இரண்டையும் குழம்பாகக் கலந்து, 1200 பாகைக்கு மேல் வாயுவாக்கி, அவ்வாயுவைப் பெற்றோலாக மாற்றுகிறார்கள். 2014இல் அவர்களது முன்னோடி ஆலை இதைச் செய்து காட்டியது. 1 கிலோ எரிபொருளுக்கு ஏறக்குறைய 7 கிலோ வைக்கோல் வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வைக்கோல் பாரம் குறைந்தது, இடத்தை அடைப்பது. தூரம் ஏற்றினால் கூலியே விலையைத் தின்றுவிடும். ஆகவே குழம்பாக்கும் சிறு ஆலைகள் வயல்களுக்கு அருகிலும், பெற்றோலாக்கும் பெரிய ஆலை ஓரிடத்திலும் இருக்க வேண்டும் என்பது அவர்களது திட்டம். அப்படியானால் வயலருகேயுள்ள ஆலை யாருடையது? இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு அதில் பங்கு உண்டா? இயந்திரத்தைப் பார்த்து வியப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

மண்ணின் பங்கும் உண்டு. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. முழுவதையும் அள்ளிக் கொடுத்துவிட்டு உரத்தைக் காசுக்கு வாங்குவது இலாபமாகாது. மாடுகளும் பட்டினி கிடக்கக்கூடாது.

நம் நாட்டிலும் வழி காட்டியவர்கள் உள்ளனர். ஏக்கலயில் 1974இல் நிறுவப்பட்ட தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலையும் சாணத்தையும் தொட்டியில் அடைத்து மாதக்கணக்கில் சமையல் வாயு பெறும் முறையை உருவாக்கியது. அதில் வண்டி ஓடாது, அடுப்பு எரியும். எஞ்சுவது உரமாக வயலுக்குத் திரும்பும். சில குடும்பங்கள் சேர்ந்தால் கட்டக்கூடியது.

1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், நம் வயல்களுக்கு அருகிலேயே இருக்கிறது. நாமாகப் போய்க் கேட்டால் ஆய்வும் நம் பக்கம் திரும்பும். அடுத்த அறுவடைக்கு முன், சங்கமாகக் கூடி, நமது வட்டையின் வைக்கோல் கணக்கை எழுதிக்கொண்டு போவோம். எவ்வளவு மாட்டுக்கு, எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு அடுப்புக்கு என்ற கணக்கு நம் கையில் இருக்கட்டும்.