சோதனைச் சிறையும் விசாரணை அறையும்: அதிகார வன்முறை குறித்த ஒரு திரைப்பட வாசிப்பு

அதிகாரம் வாய்த்தால் எளிய மனிதரும் கொடியவராவர் என்னும் கருத்திற்கு முதற்சான்றாகக் காட்டப்பெறுவது ஸ்டான்போர்டு சிறைச் சோதனையாகும். 1971 ஆகஸ்டில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ 24 கல்லூரி மாணவர்களைத் தேர்ந்து, காவலர், கைதி எனப் பிரித்துப் பல்கலைக்கழக நிலவறையில் சிறையொன்றை அமைத்தார். நாளொன்றுக்கு 15 டாலர் ஊதியம். 14 நாள்களுக்குத் திட்டமிடப்பட்ட அச்சோதனை 6 நாள்களில் நிறுத்தப்பட்டது. அதன் தாக்கத்தில் உருவான 'தாஸ் எக்ஸ்பெரிமென்ட்' (2001) என்னும் ஜெர்மானியப் படம் கதையைக் கொலை வரை நகர்த்துகிறது. உண்மைச் சோதனையில் உயிரிழப்பு ஏதுமில்லை.

பின்னாளில் ஆவணங்களை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் தீபோ லெ தெக்சியே, காவலர்களுக்குக் கடுமை காட்டுமாறு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டதை எடுத்துக்காட்டினார். எனவே கொடுமை உடுப்பிலிருந்து தானே முளைத்தது என்னும் விளக்கம் வலுவிழக்கிறது. மேலிருந்து வரும் ஏவலையும் கணக்கிற்கொள்ள வேண்டியுள்ளது.

இந்நோக்கில் வெற்றிமாறனின் 'விசாரணை'யை (2015) அணுகுவது பயன்தரும். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர்க் காவலில் தாம் பட்டதை எழுதிய 'லாக்கப்' நூலே இதன் மூலம். செல்வாக்குள்ளோர் வீட்டுக் கொள்ளை வழக்கை முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியில் தமிழ்த் தொழிலாளர் நால்வர் அடிக்கப்படுகின்றனர். அடிப்பவரிடம் வெறியைக் காட்டிலும் அலுவல் முடிக்கும் அவசரமே மிகுதி. படத்தின் கூர்மையான அவதானிப்பு இதுவே எனலாம். சோதனையில் பங்கேற்றோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு வந்தவர்கள். இவர்களுக்கோ கேட்கப்படும் கேள்வியின் மொழியே விளங்கவில்லை. நீதிமன்றத்தில் ஆய்வாளர் முத்துவேல் மொழிபெயர்த்த பின்னரே விடுதலை கிட்டுகிறது. அந்த முத்துவேலும் பின்னர்த் தம் துறையினராலேயே கொல்லப்படுகிறார். காவலர், கைதி என்னும் நிலையான இருபிரிவு இங்கே உடைந்துவிடுகிறது. ஸ்டான்போர்டுச் சட்டகத்தை இப்படத்தின்மேல் அப்படியே பொருத்தும் வாசிப்புகள் இவ்விடத்தில் தடுமாறும்.

காளையார்கோவில் வட்டாரக் கல்லூரியில் இப்படத்தைக் கற்பிப்பவர் உவமைக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே சிவகங்கை மாவட்டத்தின் மடப்புரத்தில், 2025 ஜூனில், நகை காணாமற்போன புகாரின் பேரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் உயிரிழந்தார். காவலர் ஐவர் கைதாயினர்; வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2020 டிசம்பரில். மடப்புரத்தில் அவர் அடிக்கப்படுவதாக வெளிவந்த காணொளியோ கோயிலை ஒட்டிய இடத்தில் எடுக்கப்பட்டது. நிலையத்துக் கேமராவின் பார்வை எட்டாத இடம் அது. 'விசாரணை அறை' என்பதற்கு நான்கு சுவர்கள் வேண்டும் என்னும் நம் முற்கோளையும் திரைப்பட ஆய்வு இனி மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.