கூலாய்த் தோட்டத்தில் இணையம்

இணையம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் ‘இணையம் அறிவியலின் அற்புதம்’ என்றுதான் தொடங்குகிறார்கள். பிறகு நான்கு நன்மை, நான்கு தீமை, முடிவுரை. பிழை ஒன்றும் இல்லைதான். ஆனால் இணையம் ஏன் ஓர் ஊருக்கு வருகிறது, யாருக்கு எவ்வளவு விலைக்குக் கிடைக்கிறது என்பதை அறிவியல் மட்டும் முடிவு செய்வதில்லை. பணமும் அரசாங்கக் கொள்கையும் கூடவே உட்கார்ந்து முடிவு செய்கின்றன. இதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம், கூலாய் வரை போனால் போதும்.

கூலாய் யங் தோட்டம் 664 ஹெக்டர் பரப்புள்ள தோட்டம். அதை ஒய்டிஎல் பவர் நிறுவனம் வாங்கியது. இன்று அங்கே தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. அங்கே முதலில் இடம் பிடித்த நிறுவனம் சீ. பெயர் புதிதாகத் தெரியலாம். நீங்கள் பொருள் வாங்கும் ஷாப்பியின் தாய் நிறுவனம் அதுதான். செடெனாக்கிலும் இஸ்கண்டார் புத்திரியிலும் இதே போன்ற கட்டடங்கள் வரிசையாக எழுகின்றன. உள்ளே ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ‘கிளவுட்’ என்று சொல்கிறோமே, அது வானத்தில் இல்லை. நம் பக்கத்து ஊர்த் தோட்டத்தில் இருக்கிறது.

ஏன் ஜொகூர்? முதலில் தொழில்நுட்பக் காரணத்தைப் பார்ப்போம். ஆசியாவை இணைக்கும் கடலடிக் கேபிள்கள் பல சிங்கப்பூரில் கரையேறுகின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே கூலாயிலிருந்து சிங்கப்பூருக்குத் தரவு போய்வர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. (பாலத்தில் நாம் காத்துக் கிடக்கும் நேரத்தை இதோடு ஒப்பிட்டு வயிறெரிய வேண்டாம்!)

ஆனால் இங்கே ஒரு கேள்வி கேளுங்கள். 2010இலும் கூலாய் இதே தூரத்தில்தானே இருந்தது? அப்போது ஏன் யாரும் வரவில்லை?

விடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே 2020இல் பயன்படுத்தின. சிறிய தீவு, நிலமும் குறைவு. அதனால் அந்நாட்டு அரசாங்கம் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. 2022இல் மீண்டும் திறந்தபோதும் கடுமையான நிபந்தனைகளோடுதான் திறந்தது. தேவை மட்டும் நிற்கவில்லை. அது மலிவான நிலமும் மலிவான கரண்டும் இருக்கும் பக்கம் திரும்பியது. நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தரவு மையங்களுக்கு மின் இணைப்பை 12 மாதத்துக்குள் தரும் விரைவுத் திட்டத்தைத் தெனாகா நேஷனல் 2023இல் அறிவித்தது. ஒரு நாட்டில் கதவு சாத்தியது, இன்னொரு நாட்டில் திறந்தது. தூரம் அதேதான்.

அதே கொள்கை வேகத்தடையாகவும் மாறும். செயற்கை நுண்ணறிவுக்கான உயர்திறன் அமெரிக்கச் சில்லுகளை மலேசியா வழியாக வெளியே அனுப்ப வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் இங்கே நடப்புக்கு வந்தது. வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்கிற்கும் இடையிலான இழுபறி, செடெனாக்கில் ஒரு கட்டடத்துக்குள் எந்தச் சில்லு ஓடலாம் என்பது வரை வந்து நிற்கிறது.

எனக்கு உறுத்துவது தண்ணீர்தான். சர்வர் சூடாகும், குளிர வைக்கக் கரண்டும் வேண்டும், பல மையங்களில் தண்ணீரும் வேண்டும். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். மிச்சத்தில்தான் நம் வீட்டுக் குழாயும் தொழிற்சாலையும் தரவு மையமும். மாநில அரசு 2024இல் ஒரு குழுவை அமைத்து விண்ணப்பங்களைச் சலித்தது. ஏறத்தாழ 30 விழுக்காடு நிராகரிக்கப்பட்டதாக அறிவித்தது. வேலை வாய்ப்பு பற்றியும் யோசியுங்கள். கட்டும்போது ஆள் நிறைய வேண்டும். கட்டி முடித்த பிறகு, அவ்வளவு பெரிய கட்டடத்துக்குத் தேவைப்படுவோர் சிலரே. அவர்களும் தேர்ந்த பொறியாளரும் தொழில்நுட்பரும்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: “அப்படின்னா நம்ம வீட்டு லைன் காசு குறையுமா டீச்சர்?” நல்ல கேள்வி. குறையாது. தரவு மையம் பக்கத்தில் இருப்பதற்கும் உங்கள் மாதக் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கட்டணம் உண்மையில் குறைந்தது 2018இல். பிற நிறுவனங்களுக்குத் தன் கம்பிவழிக் கட்டமைப்பை வாடகைக்கு விடும்போது இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் விலைக்கு வரம்பு வைத்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் அகன்ற அலைவரிசைக் கட்டணங்கள் 25 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கின. புதுக் கம்பி எதுவும் அதற்காகப் போடவில்லை. மாறியது விதி மட்டும்தான்.

ஆசிரியர்கள் இதைக் கருத்து விளக்கக் கட்டுரைக்கோ வாதக் கட்டுரைக்கோ பயன்படுத்தலாம். நான் கொடுக்கும் தலைப்பு: ‘கூலாயில் இன்னொரு தரவு மையத்துக்கு அனுமதி கொடுக்கலாமா?’ மாணவர்கள் வீட்டுக் கரண்டு பில்லையும் தண்ணீர்ப் பில்லையும் கையோடு கொண்டுவரட்டும். ‘அறிவியலின் அற்புதம்’ என்ற தொடருக்கு மட்டும் அன்று தடை.