நாற்பத்தேழு ஆண்டுகள் கடலோடிய ‘ரஜுலா’

பேரா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம், “தாங்கள் எந்தக் கப்பலில் இந்நாட்டுக்கு வந்தீர்கள்?” என வினவியபோதெல்லாம் மிகுதியாகக் கிடைத்த விடை ‘ரஜுலா’ என்பதாகும். வந்த ஆண்டை மறந்தோர் பலர். தம் வயதைத் திட்டமாகக் கூற இயலாதோரும் பலர். ஆயினும் கப்பலின் பெயரை அவர்கள் மறக்கவில்லை. அத்தகைய முதியோர் இன்று மிகக் குறைந்துவிட்டனர். அவர்களைச் சுமந்துவந்த கப்பலின் வரலாற்றை, அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

கப்பலின் தோற்றம்

ரஜுலா, ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், பார்க்ளே கர்ல் என்னும் கப்பல் கட்டும் நிறுவனத்தாரால் 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இதன் உடைமையாளர், ‘பி.ஐ. கம்பெனி’ என நம் முன்னோர் வழங்கிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தார் ஆவர். அந்நிறுவனத்தார் தம் கப்பல்களுக்கு இந்திய ஊர்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். ரஜுலா என்பதும் குஜராத் மாநிலத்திலுள்ள ஓர் ஊரின் பெயரே.

இக்கப்பலின் நீளம் ஏறக்குறைய 480 அடி. இருபதடிக்கு ஒன்றாக நட்ட ரப்பர் மரநிரையில் இருபத்தைந்து மரங்கள் நிற்கும் நீளம் எனக் கொள்ளலாம். அகலம் 60 அடிக்குச் சற்று மிகுதி. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 8,500 டன். கப்பலின் கொள்ளளவைக் கூறுமிடத்து டன் என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலினுள் அடங்கிய இடத்தைக் குறிப்பதாகும். நூறு கன அடி இடம் ஒரு டன் எனக் கணக்கிடப்பட்டது.

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இடம் பெற்றோர் மிகச் சிலரே. கப்பலின் பெரும்பகுதி ‘டெக்குப் பயணிகள்’ எனப்பட்ட தளப் பயணிகளுக்காகவே அமைந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல இதற்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தது. அவர்களுக்குத் தனியறை இல்லை. விரித்த பாயும், தலைமாட்டில் வைத்த தகரப் பெட்டியுமே அவரவர்க்குரிய இடத்தின் எல்லையாக விளங்கின.

நீராவி மும்முறை உழைத்த விதம்

ரஜுலாவை இயக்கியவை, மும்மடி விரிவு நீராவி இயந்திரங்கள் இரண்டும், அவற்றால் சுழன்ற இரு விசிறிகளும் ஆகும். இவ்வியந்திரத்தின் செயல்முறையைத் தோட்டத் தொழிலாளர் எளிதில் உணரலாம். உறைந்த பாலை உருளை இயந்திரத்தில் ஒருமுறை மட்டும் இடுவதில்லை. மீண்டும் மீண்டும் இட்டு, எஞ்சிய நீரைப் பிழிந்தெடுக்கிறோம் அன்றோ? அதுபோன்றே இங்கு நீராவியின் ஆற்றல் படிப்படியாகப் பெறப்பட்டது.

கொதிகலனிலிருந்து பேரழுத்தத்துடன் வெளிப்படும் நீராவி, முதலில் ஒரு சிறிய உருளைக்குள் புகுந்து, அதிலுள்ள தண்டைத் தள்ளும். அதன்பின்னும் அந்நீராவியில் ஆற்றல் எஞ்சியிருக்கும். ஆகவே அது சற்றுப் பெரிய இரண்டாம் உருளைக்கும், பின்னர் மிகப் பெரிய மூன்றாம் உருளைக்கும் செல்லும். அழுத்தம் குறையக் குறைய உருளையின் அளவு பெருகுவதால், ஒரே நீராவி மூன்று இடங்களில் உழைத்துவிடும். இறுதியில் கடல்நீரின் குளிர்ச்சியால் அது மீண்டும் நன்னீராகிக் கொதிகலனைச் சென்றடையும். இதனால் எரிபொருளும் நன்னீரும் மிச்சமாயின. விரைவு மிகாத, உறுதியான, பழுதுபார்க்க எளிய இயந்திரம் இது. ரஜுலாவின் நெடிய வாழ்வுக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நாகையிலிருந்து ஈப்போ வரை

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பதே ரஜுலாவின் வழி. கிள்ளான் துறைமுகம் அக்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கியது. 1972ஆம் ஆண்டில்தான் இப்பெயரைப் பெற்றது.

சென்னையில் கப்பல் துறைமுக மேடையை ஒட்டி நிற்கும். நாகப்பட்டினத்திலோ ஆழம் போதாமையால், கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகேறிச் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு ஏறவேண்டும். கடலையே கண்டிராத உழவர் குடும்பங்களுக்கு அது பெரும் அச்சத்தை விளைவித்திருக்கும்.

நாகையிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 1,250 கடல் மைல் தொலைவு. மணிக்குப் பதின்மூன்று கடல் மைல் வீதம் சென்றாலும், நான்கு பகலும் நான்கு இரவும் கடலில் கழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயல் எழுமாயின், பயணம் மேலும் நீளும், துன்பமும் பெருகும்.

ரஜுலா ஓடத் தொடங்கிய காலத்தில் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றிருந்தது. மலாயாவைப் பொறுத்தவரை அது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையே அப்போது நடைபெற்றது. உரிமம் பெற்ற கங்காணி தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டுவார். திரட்டப்பட்டோர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, மருத்துவச் சோதனைக்குப் பின் கப்பலேறுவர். அவர்களது கப்பற்கட்டணத்தை, 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடிவரவு நிதி ஏற்றது. அந்நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர்.

பினாங்கை அடைந்தோர் உடனே தோட்டம் செல்ல இயலாது. தொற்றுநோய் பரவாமலிருக்கும் பொருட்டு, புலாவ் ஜெரெஜாக் தீவில் அவர்கள் சில நாள் தடுத்து வைக்கப்பட்டனர். அதன்பின் பிறையில் இரயிலேறி, தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ ஆகிய இடங்களுக்குச் சென்றனர். கீழ்ப் பேராவுக்குச் செல்வோர் தாப்பா ரோட்டில் இரயில் மாறி, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சனை அடைந்தனர். இரயிலடியிலிருந்து தோட்டத்து லயம்வரை நடையோ மாட்டு வண்டியோ லாரியோதான்.

கொண்டுவந்த கப்பலே கொண்டு சென்றது

கப்பல் மக்களைக் கொண்டுவந்தது மட்டும் வரலாறாகாது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பரின் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்பைத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில், இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வந்த வழியே திரும்பிய அவர்களுள் பலர், ஊரிலும் நிலமின்றி வேலையின்றி அல்லலுற்றனர். விலை மீண்டும் உயர்ந்தபோது தோட்டங்கள் மறுபடியும் ஆளைத் தேடின. கடலின் ஒருபுறத்துச் சந்தை நிலவரம், மறுபுறத்துக் குடிசையின் அடுப்பை எரியவும் அணையவும் செய்தது.

1938ஆம் ஆண்டில் தோட்டக் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி, உதவிபெற்று மலாயா செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அத்துடன் கங்காணியின் காலம் முடிவுற்றது. தம் சொந்தச் செலவில் சென்றுவருவோரை ஏற்றிக்கொண்டு கப்பல் தொடர்ந்து ஓடியது.

போரும் உடன்பிறந்த கப்பலும்

ரஜுலாவுக்கு ‘ரோனா’ என்னும் உடன்பிறந்த கப்பல் ஒன்று உண்டு. அதுவும் 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டதே. இரண்டாம் உலகப் போரில் இரு கப்பல்களும் படைவீரர்களை ஏற்றிச்செல்லும் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. 1943ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மத்தியதரைக் கடலில் அல்ஜீரியக் கரையருகே, ஜெர்மானிய விமானம் ஏவிய வழிகாட்டு குண்டினால் ரோனா தாக்குண்டு மூழ்கியது. மாண்டோர் தொகை 1,100க்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கப் போர்வீரர். இந்தியக் கப்பலோட்டிகளும் பலர் உயிரிழந்தனர். ரஜுலா போரிலிருந்து தப்பி மீண்டது.

அக்காலத்தில் மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தமையால், நாகைக்கும் பினாங்குக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடவில்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு மடிந்தோரைப் பற்றிய செய்தி, தமிழகத்திலிருந்த பெற்றோருக்கும் மனைவியருக்கும் உரிய காலத்தில் எட்டவில்லை. போர் முடிந்து கப்பல் மீண்டும் வரத் தொடங்கிய பின்னரே, யார் இருக்கின்றனர், யார் இல்லை என்பதைப் பல குடும்பங்கள் அறிந்தன.

பிரிவின் காலம்

போருக்குப் பின்னர் ரஜுலா சீரமைக்கப்பட்டு, பயணிகளின் தொகையும் குறைக்கப்பட்டது. திருமணத்துக்காகவும், பெற்றோரைக் காண்பதற்காகவும், கோயில் வேண்டுதலுக்காகவும் மக்கள் சென்று வந்தனர். உயர்கல்வி நாடிய மாணவர்களும் கடல் கடந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களும் தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரே.

1953ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், புதிதாக வருவோரைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெறும் வாய்ப்பு பலருக்குக் கிட்டியது. எனினும் எழுத்தறிவின்மையாலும், உரிய பத்திரங்கள் இல்லாமையாலும், அதன் அருமையை எடுத்துரைப்பார் இல்லாமையாலும், குடியுரிமை பெறாமலே இருந்த தோட்டத் தொழிலாளரும் பலர்.

1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என விதித்தது. அதனை அடுத்து, 1969, 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திரும்பினர். கணவன் ஒரு கரையிலும் மனைவி மறுகரையிலும், மூத்த பிள்ளை இங்கும் இளைய பிள்ளை அங்குமாகச் சில குடும்பங்கள் பிரிந்தன. முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியோர், தாம் வந்த அதே கப்பலில், அதே வழியில் திரும்பிச் சென்றனர். ஒரு பத்திரம் இருந்தமையால் தங்கியவரும், அது இல்லாமையால் சென்றவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தோரே.

இறுதிப் பயணம்

கடற்பயணிகள் கப்பலொன்று இருபத்தைந்து அல்லது முப்பது ஆண்டுகள் உழைத்தாலே நிறைவாகக் கருதப்படும். ரஜுலா நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்தது. உறுதியான அமைப்பும், அளவான விரைவும், முறையான பராமரிப்பும், நிலையான வழித்தடமும், குறைந்த கட்டணத்தை நாடிய பயணிகளும் அதனை வாழவைத்த காரணங்களாகும்.

1973ஆம் ஆண்டில் இவ்வழியில் அதன் சேவை முடிவுற்றது. இந்தியக் கப்பல் கழகத்தார் அதனை வாங்கி, அந்தமான் தீவிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ‘ரங்கத்’ எனப் பெயரிட்டனர். ஆயினும் முதுமை அதனை விடவில்லை. 1974ஆம் ஆண்டில் பம்பாயில் அது உடைக்கப்பட்டது. ரஜுலாவுக்குப் பின் ‘சிதம்பரம்’ என்னும் பெரிய கப்பல் இவ்வழியில் ஓடியது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அதில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அக்கப்பலின் பணியும் அத்துடன் முடிந்தது. கடலில் நான்கு நாள் கழித்த பயணத்தை, வானூர்தி நான்கு மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

நாம் செய்ய வேண்டுவது

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்றை இன்றும் காணலாம். அத்தகைய மரங்களை வெட்ட வந்தோரைச் சுமந்த கப்பலைக் காண இயலாது. எஞ்சியவை, வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் தாள்களும் முதியோரின் நினைவுகளுமே ஆகும்.

பேராவின் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியுள்ளன. லயத்தை விட்டு இடம்பெயரும்போது, பழைய தகரப் பெட்டியைக் குப்பையில் எறிந்துவிடுதல் எளிது. அவ்வாறு எறியுமுன் அதனைத் திறந்து பாருங்கள். பழைய கடப்பிதழ், கப்பற்சீட்டு, தோட்டச் சம்பளப் புத்தகம், பிறப்புச் சான்று, அடையாளக் கார்டு, தமிழகத்திலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றுள் எதுவாயினும் அதனைப் பத்திரப்படுத்துங்கள். ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். படியெடுத்துப் பிள்ளைகளிடமும் ஒன்றைக் கொடுங்கள். பிறப்பும் வருகையும் பற்றிய சான்று வேண்டப்படும் நாளில், அத்தாள் ஒரு குடும்பத்தின் உரிமைக்குத் துணைநிற்கக்கூடும்.

வீட்டில் முதியோர் இருப்பின், அவரருகே அமர்ந்து கேளுங்கள்: ஊர் எது, உடன்வந்தோர் யார், எந்தத் துறையில் இறங்கினர், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தனர் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 1969ஆம் ஆண்டில் திரும்பிச் சென்ற உறவினரின் பெயர்களையும் மறவாமல் குறியுங்கள். ரஜுலா நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே. அதனைக் காப்பது நம் கடமையாகும்.