இலை நுனியால் நடக்கும் பெரணி

செடி நடக்குமா? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய பெரணிச் செடிக்கு ‘நடக்கும் பெரணி’ என்றே பெயர். தாவர இயலில் இதனை அஸ்பிளீனியம் ரைசோபில்லம் என்பர். விற்று லாபம் காணும் பயிரல்ல. ஆயினும் பதியன் போடத் தெரிந்த உழவர்கள் இதன் வளர்ச்சி முறையை ரசிப்பர்.

இலை ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். அடியில் அகன்று, நுனியில் வால்போல் மெலிந்து நீளும். வளைந்து தொங்கும் நுனி ஈரமான பாசியில் பட்டதும் அங்கே வேர் இறங்கிப் புதுச்செடி கிளம்புகிறது. மல்லிகைக் கொம்பை வளைத்து மண்ணில் புதைக்க ஓர் ஆள் வேண்டும். இங்கே செடியே அவ்வேலையை முடித்துக்கொள்கிறது. அதுவும் கொம்பில் அல்ல, இலை நுனியில்! தாய், மகள், பேத்தி என்று படர்ந்து பாறையையே மூடிவிடுவதும் உண்டு.

கனடாவின் தென்கிழக்கிலிருந்து அமெரிக்காவின் அலபாமா வரை, மரநிழலில் பாசி படர்ந்த சுண்ணாம்புப் பாறைகளே பெரும்பாலும் இதன் இருப்பிடம். மண் என்று சொல்ல அங்கு அதிகம் இல்லை. பாசிதான் மூடாக்குப்போல் ஈரத்தைக் காக்கிறது. மேலே உள்ள மரங்களை வெட்டினால் வெயில் விழுந்து பாசி காயும், பெரணியும் கருகும். வித்துத்தூள் மூலம் பெருகுவதற்கும் ஈரம் அவசியம். ஆண் அணு நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றே முட்டையை அடைய வேண்டும்.

இப்பெரணி, எபனி என்ற மற்றொரு பெரணியுடன் இயற்கையிலேயே ஒட்டுச் சேருகிறது. 1902-ல் மார்கரெட் ஸ்லாசன் என்ற பெண்மணி இரண்டையும் சேர்த்து வளர்த்து, இந்தக் கலப்பினத்தைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார். கலப்பினச் செடிகள் பொதுவாக மலடு. ஆனால் அலபாமாவில் ஹவானா கிளென் என்ற பள்ளத்தாக்கில், 1873-ல் ஜூலியா டட்வைலர் கண்டெடுத்த செடிகள் வளமான வித்துத்தூளைத் தருகின்றன. அவற்றின் குரோமோசோம்கள் இரட்டித்துவிட்டதே காரணம். நமது நிலக்கடலையும் இரு காட்டினங்கள் கலந்து, குரோமோசோம் இரட்டித்துத் தோன்றிய பயிர்தான்.

2007-ல் அச்செடிக்கு அஸ்பிளீனியம் டட்வைலரே என்று தனி இனப்பெயர் சூட்டப்பட்டது. இயற்கையில் அது வளர்வதாக அறியப்பட்ட இடம் அந்தப் பள்ளத்தாக்கு ஒன்றே.