உங்கள் வீட்டுக்கு ஏற்ற கோழி எது?

இலயத்தின் பின்புறத்தில் நாலைந்து கோழிகள் மேய்வது நம் தோட்டங்களில் பழகிய காட்சி. பிள்ளைகளுக்கு முட்டை, திருநாளுக்கு ஒரு சேவல், அவசரத் தேவைக்குக் கொஞ்சம் காசு என அவை குடும்பத்துக்குப் பலவகையில் உதவுகின்றன. ஆனால், கோழி வாங்கப் புறப்படுவோர் பெரும்பாலும் "எந்தக் கோழி அதிக முட்டையிடும்?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். அதனால் ஏற்படும் நட்டத்தை ஒரு தோட்டத்தில் நேரில் கண்டேன்.

பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என்னிடம், "ஐயா, ஆண்டுக்கு முந்நூறு முட்டை போடும் என்று சொன்னார்கள். நம்பிப் பத்துக் குஞ்சு வாங்கினேன். இப்பொழுது வாரத்துக்கு ஒன்றிரண்டு முட்டை கிடைப்பதே அரிதாயிருக்கிறது. அடையிலும் உட்காருவதில்லை" என்று வருந்தினார். என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டேன். "மிஞ்சிய சோறுதான் ஐயா. தீவன மூட்டை வாங்கக் கட்டுப்படியாகவில்லை" என்றார்.

கோழியிடம் குறையில்லை; அவருடைய உழைப்பிலும் குறையில்லை. அந்த வீட்டுக்குப் பொருந்தாத இனத்தை வாங்கியதே பிழை.

முட்டைக் கோழிகள்

இத்தாலி நாட்டு வழிவந்த வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடக்கூடியது. பண்ணைகளில் வளர்க்கப்படும் பழுப்பு நிறக் கலப்பினக் கோழி 300 வரையும் இடும். ஆனால், இவை அந்த அளவுக்கு முட்டையிட வேண்டுமானால் சத்து நிறைந்த தீவனம் நாள்தோறும் கிடைக்க வேண்டும். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தேவை. 365 நாளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கோழிக்கு 40 கிலோ, பத்துக் கோழிகளுக்கு 400 கிலோ!

தீவனத்தில் சேரும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. 2022-ஆம் ஆண்டில் தீவன விலை உயர்ந்து, உள்நாட்டில் கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, ஜூன் முதல் நாள் தொடங்கி மலேசிய அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. பெரும் பண்ணைகளையே திணறடித்த விலை ஏற்றத்தை ஒரு தொழிலாளர் குடும்பம் எப்படித் தாங்கும்?

மேலும், அடைகாக்கும் குணம் இக்கோழிகளிடம் இல்லையென்றே கூறலாம். அவை முதுமையடைந்தால் மீண்டும் காசு கொடுத்துத்தான் குஞ்சு வாங்க வேண்டும். பிராய்லர் கோழியும் அவ்வாறே. ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வரும். ஆனால், அது மூட்டைத் தீவனத்தின் பயனேயன்றி வீட்டு மிச்சத்தின் பயனன்று.

கம்பத்துக் கோழி

காட்டோரத்து வெட்டுகளில் காட்டுக்கோழி குறுக்கே ஓடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். உலகிலுள்ள வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை அந்தச் செங்காட்டுக் கோழியே. நாட்டுக்கோழி என்றும் கம்பத்துக் கோழி என்றும் நாம் அழைக்கும் இனத்தில் அதன் குணங்கள் பல இன்னும் மாறாமல் உள்ளன. அது தானே இரை தேடும். பருந்தின் நிழலைக் கண்டவுடன் குரல் கொடுக்கும். நம் நாட்டு வெப்பத்தையும் மழையையும் தாங்கும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 50 முட்டைதான் இடும் என்பது உண்மையே. ஆயினும் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை 21 நாள் அடைகாத்து, குஞ்சுகளைத் தானே வளர்த்துவிடும். விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று நண்பகலுக்குப் பின் திரும்பும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி! வளர நான்கைந்து மாதம் பிடித்தாலும் சந்தையில் இதற்கு நல்ல விலை உண்டு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி

முட்டையும் சற்றுக் கூடுதலாக வேண்டுமென்பவர், நான்கைந்து கம்பத்துப் பெட்டைகளுடன் ஒரு ரோட் ஐலண்ட் ரெட் சேவலை விடலாம். செந்நிறமான இந்த அமெரிக்க இனம் முட்டைக்கும் இறைச்சிக்கும் ஏற்றது. இவற்றின் குஞ்சுகள் தாயைவிடப் பருமனாக வளரும். முட்டையும் அதிகமாக இடும்.

இங்கே ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. கலப்புப் பெட்டைகளை மீண்டும் மீண்டும் அதே இனச் சேவலுடன் சேர்த்தால், அடைகாக்கும் குணம் தலைமுறைதோறும் குறைந்துகொண்டே போகும். ஆகவே, அடைகாக்கும் தாய்க்கோழிகள் எப்பொழுதும் கம்பத்துக் கோழிகளாகவே இருக்கட்டும். அவை மூப்படையுமுன் ஒரு பருவத்துக்குக் கம்பத்துச் சேவலை விட்டுப் புதிய பெட்டைகளை உருவாக்கிக் கொள்ளுங்கள்.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

கண் தெளிவாகவும், மூக்கில் சளியின்றியும், பின்புறம் தூய்மையாகவும் உள்ள கோழியையே வாங்குங்கள். புதிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோழி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிளந்தான் மாநிலத்துக் கம்பத்துக் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டதை மறக்கலாகாது. கோழிகள் திடீரெனப் பல மடிந்தால் அவற்றைச் சமைக்காமலும் விற்காமலும் உடனே கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

எந்த இனமாயினும் நியூகாசல் நோய்க்குத் தடுப்பு மருந்து அவசியம். கம்பத்துக் கோழி நோயே அறியாதது என்பது தவறான எண்ணம். இந்நோய் வந்தால் சில நாள்களிலேயே கூண்டு வெறுமையாகிவிடும். களைக்கொல்லி தெளித்த வெட்டுகளில் கோழிகளை மேயவிடாதீர்கள். இரவில் மரநாயும் பாம்பும் நுழையாதபடி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கூண்டில் அடையுங்கள்.

மூன்று கேள்விகள்

காசைக் கையிலெடுக்குமுன் குடும்பத்தார் கூடி மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். மாதந்தோறும் தீவனத்துக்கு எவ்வளவு செலவிட முடியும்? பகலில் கோழிகளைக் கவனிக்க வீட்டில் ஆள் உண்டா? அடுத்த ஆண்டுக்கான குஞ்சுகள் எங்கிருந்து வரும்?

மூன்றாவது கேள்விக்கு, "நம் வீட்டு அடைக்கோழியிடமிருந்து" என்று சொல்ல முடிந்தால், நீங்கள் ஒரு முறை போட்ட முதல் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். ஆண்டுக்கு ஐம்பது முட்டையே இட்டாலும், அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்ற கோழி.