இதயம் தரும் முன்னறிவிப்பு

நெஞ்சில் வலி தோன்றிய பின்னரே இதயத்தைப் பற்றி எண்ணுவது பலரது வழக்கம். ஆயினும், வலிக்குப் பல்லாண்டு முன்பே உடல் சில குறிகளைக் காட்டிவிடுகிறது.

இலங்கை உட்பட 52 நாடுகளில் நடைபெற்று, 2004ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்குரிய ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பது காரணங்களால் விளைவதெனக் காட்டியது. புகைத்தல், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியன அவற்றுட் சில. தெற்காசியரை மாரடைப்பு பிறரினும் ஏறக்குறைய ஆறாண்டு முந்தியே தாக்குகிறது என்பதும் அதனால் தெளிவாயிற்று.

நோர்வூட் மலைச்சரிவில் நாள்தோறும் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்போருக்கு அவ்வுழைப்பு ஒரு காப்பே, முழுக் காப்பன்று. மெலிந்த உடலிலும் இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவைத் தாண்டக்கூடும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் கடப்பது எச்சரிக்கையாகும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் தீங்கே.

ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. வயது, இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்திரோல், புகைப்பழக்கம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கியே வைத்தியர் அடுத்த பத்தாண்டுக்குரிய ஆபத்தைக் கணிக்கின்றனர்.

அண்மையில் டிக்கோயா வைத்தியசாலை இருந்தும், ஒரு நாட் சம்பளம் போய்விடுமே என்று தயங்குவோர் உண்டு. குடும்பத்தைத் தாங்குபவர் ஐம்பது வயதிலேயே சாய்ந்துவிட்டால், அதன்பின் இழக்கும் சம்பள நாட்களுக்குக் கணக்கேது?