லேப் வைரம் போலியா?

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் ஏழுகல் தோடு வாங்கக் கிளம்பும் குடும்பத்தின் காதில் இப்போது ஏடி கல், மாய்சனைட், லேப் வைரம் என்று மூன்று பெயர்கள் விழுகின்றன. மூன்றையும் ‘டூப்ளிகேட்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம், பிழை அங்கேதான். அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் ஏடி, பெயரில் மட்டுமே வைரம். பொருள் சிர்க்கோனியம் ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் வைரத்தின் கடினம் 10 என்றால் இதற்கு 8 அல்லது 8.5. அதனால் பட்டைகளின் ஓரம் நாளடைவில் மழுங்கி, கல் பால் படிந்ததுபோல் மங்கும். மாய்சனைட் சிலிக்கன் கார்பைடு, கடினம் 9.25. வெப்பம் கடத்துவதை மட்டும் பார்க்கும் பேனா டெஸ்டர் இதையும் வைரம் என்றே சொல்லிவிடும். லென்ஸ் வைத்துச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். குட்டு அங்கே உடைந்துவிடும்.

லேப் வைரத்தில் உடைய குட்டே இல்லை. ஆய்வகத்தில் சிவிடி எனப்படும் முறையில் மெல்லிய வைரத் துண்டை விதையாக வைத்து, மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவாக்கி, கார்பனை அடுக்கடுக்காகப் படியவிடுகிறார்கள். விளைவது வைரமேதான், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவதில்கூட வித்தியாசமில்லை. பிரித்தறிய ஆய்வகக் கருவி வேண்டும். 2023-24 மத்திய பட்ஜெட்டில் இந்த விதைக்கான 5 சதவீதச் சுங்கவரி நீக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் பெற்றதும் தூரத்து நிறுவனமல்ல, கிண்டியை ஒட்டிய சென்னை ஐஐடி.

“பூமியில் விளையாத கல்லுக்கு ராசி ஏது?” என்பவர்களோடு வாதாட இடமில்லை, அது நம்பிக்கை. “பாட்டி தோடு சொத்து, இது சொத்தாகுமா?” என்பதுதான் வலுவான கேள்வி. ஆகாது. டி பியர்ஸ் நிறுவனம் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட் 800 டாலருக்கு லேப் வைரம் விற்கத் தொடங்கியது. விலை சரிந்துகொண்டே போக, 2025இல் அந்தக் கடையையே மூடுவதாக அறிவித்தது. இயந்திரங்கள் பெருகப் பெருகக் கல் மலிவாகும். ஆனால் சுரங்க வைரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கடையில் கழித்துத்தான் தருவார்கள். பாட்டி தோட்டில் நிச்சயமான சொத்து, கல்லைப் பிடித்திருக்கும் தங்கமே. அழகுக்காக வாங்குபவருக்கு லேப் வைரம் நியாயமான பொருள், கல்லுக்கு முன்னால் ‘லேப்’ என்ற சொல்லும், தங்கத்தின் எடையும் கல்லின் விலையும் தனித்தனி வரியாகவும் பில்லில் இருக்கும்வரை.